வருடப்பிறப்புக்குள் ஏற்ற முடியுமா?

கேள்வி: நுவரெலியாவிலிருந்து ஓர் ஆண் குதிரைக்குட்டி வாங்கி வந்திருக்கிறோம். வயது 2½ என்றார்கள். முதுகில் இதுவரை யாரும் ஏறியதில்லை. வண்டிச் சவாரிக்கு மாடு பழக்கும் என் பெரியப்பா, மணல் நிரப்பிய உரப்பையை முதுகில் கட்டி, உழுத வயலில் களைக்கும்வரை ஓடவிட்டு ஏறினால் ஒரு வாரத்தில் படிந்துவிடும் என்கிறார். சித்திரை வருடப்பிறப்புக்குள் என் மகனை அதில் ஏற்ற வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசையும். என்ன செய்யலாம், டொக்டர்?
— வாசகர், கைதடி

பதில்: தம்பி, சவாரி மாடு பழக்கியவருக்கு ஒரு மிருகத்தின் காதையும் மூச்சையும் பார்த்தே அதன் மனம் விளங்கும். அந்த அறிவு உங்கள் வீட்டில் இருப்பது பெரிய பலம். ஆனால் உரப்பை யோசனையைத் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள். களைத்துப்போன குட்டி படிந்துவிட்டதுபோலத்தான் தெரியும். மறுநாள் மூச்சுத் திரும்பியதும், முதுகில் பாரம் ஏறினால் பயம் வரும் என்பதே அதற்கு நினைவில் நிற்கும். முதுகில் பாய்ந்து கொல்லும் விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம் அது. அங்கே தெரியாத எதுவும் பட்டால் உதறித் தள்ளத்தான் பார்க்கும். அதைக் குறும்பு என்று அடிக்கக்கூடாது.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். முன்வரிசையில் நடுவிலுள்ள பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறக்குறைய 2½ வயதில். அடுத்த சோடி 3½ வயதிலும் ஓரத்துச் சோடி 4½ வயதிலும் வரும். விற்றவர் சொன்ன வயது சரியா என்று இதிலேயே தெரிந்துவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பு வளரும் இடம் 2½ வயதை அண்டித்தான் மூடுகிறது. முதுகெலும்பு முற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. 5 வயது தாண்டியும் அது முடிந்திருக்காது. ஆகவே வரும் சித்திரையை மறந்துவிடுங்கள். 3½ வயதுக்கு முன் முதுகில் ஆள் வேண்டாம். 4 ஆனால் இன்னும் நல்லது. பந்தயக் குதிரைகளில் 2 வயதிலேயே ஏறுகிறார்களே என்று கேட்பீர்கள். அது பந்தயக்காரரின் கணக்கு. உங்கள் மகனோடு 20 வருடம் நிற்க வேண்டிய குதிரைக்கு அது பொருந்தாது.

இந்த ஒரு வருடத்தையும் நிற்கப் பழக்குவதற்குக் கொடுங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அசையாமல் நிற்கத் தெரியாத குதிரையில் யாரையும் ஏற்றாதீர்கள். தலைக்கயிற்றை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். ஓர் அடி வைத்த கணமே தளர்த்துங்கள். தளர்த்தும் அந்தக் கணத்தில்தான் குட்டி பாடம் படிக்கிறது. நேரம் தவறித் தளர்த்தினால் தவறானதைப் படித்துக்கொள்ளும். நிறுத்துவதற்கு ஒரே சொல். வீட்டார் எல்லோரும் அதையே சொல்லவேண்டும். நெற்றிக்கு நேர்முன்னாலும் வாலுக்கு நேர்பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. தோள் பக்கமாகக் கதைத்துக்கொண்டே போங்கள். இடப்பக்கம் படித்ததை வலப்பக்கத்தில் புதிதாகப் படிப்பிக்க வேண்டியிருக்கும், அதில் சலிப்படையாதீர்கள்.

காலையிலும் பின்னேரத்திலும் ஒழுங்கையில் கையில் பிடித்தே நடத்துங்கள். ஓட்டோ, கிடுகு வேலிக்குள்ளிருந்து பாயும் நாய், விரியும் குடை எல்லாவற்றையும் தரையில் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே அது பார்த்துவிட வேண்டும். காவோலை விழும் சத்தத்துக்கு வளர்ந்த குதிரையே துள்ளும். கோயில் மேளத்தை முதலில் தூரத்திலிருந்து கேட்கட்டும். தலையைத் தாழ்த்தி வாயை மென்றால் இன்னும் சற்றுக் கிட்டப் போகலாம். வட்டமாக ஓடவிடுவது 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வளரும் மூட்டுகள் தாங்கா.

சேணத்துக்கு முன் வெறும் துணி, பிறகு வெறும் சாக்கு. சேணம் வைக்கும் நாளில் குட்டியைக் கட்டிவைக்காதீர்கள், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வயிற்றுப்பட்டியை ஒரு துளை இறுக்கி, சில அடி நடத்தி, மறு துளை இறுக்குங்கள். மூச்சை அடக்கி வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றால் அது அமைதி அல்ல, வெடிக்கப்போகிறது, உடனே தளர்த்துங்கள். பல் விழுந்து முளைக்கும் காலத்தில் வாய் நோகும் என்பதால் கடிவாள இரும்புக்கும் அவசரம் வேண்டாம். தலைக்கயிற்றின் இரு பக்கமும் நீளக்கயிறு பூட்டிப் பின்னால் சற்று ஒதுங்கி நடந்தபடி திருப்பவும் நிறுத்தவும் பழக்கலாம். இந்த வேலையைப் பெரியப்பாவிடம் விடுங்கள். வண்டியிலிருந்து கயிறு பிடித்த கைக்கு இது இலகுவாக வரும்.

முதன்முதலில் ஏறுபவர் உங்கள் மகனாக இருக்கக்கூடாது. குதிரையேற்றம் தெரிந்த, எடை குறைந்த பெரியவர் ஒருவர் தலைக்கவசத்தோடு முதுகின் குறுக்கே வயிறு படியச் சாய்ந்து, உடனே இறங்கட்டும். அன்றைக்கு அது போதும். சேணத்தோடு சேர்த்து ஏறும் பாரம் குதிரையின் எடையில் ஐந்திலொன்றைத் தாண்டக்கூடாது. இளங்குதிரைக்கு அதிலும் குறைவு. மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 135 என்றால் ஏறக்குறைய 255 கிலோ. ஐந்திலொன்று 51 கிலோ.

இன்னொன்று. ஆண் குட்டி என்பதால் நலமடிப்பது, அதாவது விதை நீக்குவது, பற்றிக் கால்நடை வைத்தியரிடம் இப்போதே கதையுங்கள். சிறுவன் கையாளும் குதிரைக்கு அது அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். மாட்டுக்குச் செய்வதுபோல நசுக்கக்கூடாது, மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சையாகவே செய்யவேண்டும். ஏற்புவலி குதிரைக்கு மிக எளிதில் வரும்; அதற்கான தடுப்பூசி முன்னதாகவே போடப்பட வேண்டும்.

கேள்வி: நெடுந்தீவுக் குதிரைகளில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து பழக்கலாமா?
— வாசகி, வேலணை

பதில்: கூடாது, தங்கச்சி. அவற்றைத் தீவைவிட்டு வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்து, தாமாக வாழப் பழகிய கூட்டம் அது. குறிகட்டுவானில் படகேறிப் போய்ப் பாருங்கள். தாய் காதை மடக்கியதும் குட்டி விலகும், விலகியதும் காது நிமிரும். குதிரை பழக்க விரும்பும் எவருக்கும் அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. வாகனத்தில் துரத்திப் படம் எடுக்காதீர்கள். கோடையில் அங்கே குடிக்க நீர் கிடைப்பதே அரிது, அந்த நேரத்தில் குட்டியோடு நிற்கும் தாயை ஓடவைப்பது கொடுமை. காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதால் படகு ஓடுமா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.