மரக்காலும் கணக்கும் ஒரே கையில்

கேள்வி: எங்கள் பேரூராட்சி தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. ஆனாலும் எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குடிநீர் வருகிறது. நான்கு முறை புகார் செய்தேன். நான்கு முறையும் ‘தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது’ என்று கைப்பேசிக்குச் செய்தி வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை. உள்ளாட்சிகளின் செயல்பாட்டை அளக்க அரசிடம் அளவுகோலே கிடையாதா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: அளவுகோல் இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் ஆகிய நான்குக்கும் 28 குறியீடுகளை வகுத்து, மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008ஆம் ஆண்டிலேயே ஒரு கையேட்டை வெளியிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர், வரும் புகார்களில் 80 விழுக்காட்டுக்கு உடனடித் தீர்வு என்று இலக்குகளும் அதில் உண்டு. 24 மணி நேரம் என்றதும் நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரித்து முடித்துவிட்டு, புகார் பற்றிய குறியீட்டுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்துக்கு வாருங்கள். ஒரு நாளுக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் மனநிறைவு தரும்படி தீர்ந்த புகாரை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும், தீர்ந்தது என்பதைப் புகார் கொடுத்தவரே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்களிடம் யாராவது கையெழுத்து கேட்டார்களா?

நம் பக்கத்துக் களங்களில் நெல் அளக்கும்போது நிலத்துக்காரரும் வாரக்காரரும் இருபுறமும் நிற்பார்கள். மரக்கால் ஒருவர் கையில் இருந்தாலும் தலை தட்டுவதைப் பார்க்க இரண்டு ஜோடிக் கண்கள் உண்டு. அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். அடுத்ததிலிருந்து எண்ணிக்கை ஒழுங்காக நடக்கும். உங்கள் பேரூராட்சியிலோ புகாரைப் பெறுவதும், தீர்ந்தது என்று பதிவதும், மேலிடத்துக்கு விழுக்காடு அனுப்புவதும் ஒரே அலுவலகம் என்பதால், கடைசி மரக்கால் வரைக்கும் லாபமாகவே எண்ணப்படுகிறது.

இதற்காகக் குழாய் திறந்துவிடும் ஊழியர்மீது பாய வேண்டாம். எத்தனை புகார் நிலுவை என்று வாரந்தோறும் மேலிருந்து கேட்கிறார்களே தவிர, எத்தனை வீட்டில் குடம் நிறைந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கப்படுகிற எண்ணைத்தான் எந்த அலுவலகமும் அழகுபடுத்தும். புகார் குறைந்துவிட்டது என்று ஓர் அலுவலகம் பெருமைப்பட்டால் அதையும் நான் ஐயத்துடனேயே பார்ப்பேன், ஏனெனில் சலித்துப்போனவர்கள் புகார் எழுதுவதில்லை.

135 லிட்டரும் இப்படித்தான். நீரேற்று நிலையத்தில் இறைத்த நீரை மக்கள்தொகையால் வகுத்து ஒரு கணக்குக் காட்டலாம். ஆனால் வழியில் கசிந்ததும், மேட்டுத் தெருவுக்கு ஏறாமல் நின்றதும், முதல் நான்கு வீட்டு மோட்டார்கள் உறிஞ்சியதும் அந்த வகுத்தலில் தெரியாது. அதே கையேடு இந்தக் குறியீட்டை நுகர்வோருக்கு வழங்கப்பட்ட நீர் என்றுதான் வரையறுக்கிறது. தரும் தரவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கே ஏ முதல் டி வரை தரம் குறிக்கவும் சொல்கிறது. மீட்டரே இல்லாத ஊரின் மதிப்பீட்டுக்கு எந்த எழுத்து கிடைக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே நீங்களும் அளங்கள். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். தண்ணீர் வந்த தேதி, வந்த நேரம், நின்ற நேரம், ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று தெருவின் தலைமாட்டில் ஒரு வீட்டிலும் கடைக்கோடியில் ஒரு வீட்டிலும் ஒரு மாதம் எழுதுங்கள். ‘தண்ணீரே வரவில்லை’ என்ற மனுவை ஒரு வரியில் மறுத்துவிடலாம். முப்பது நாள் கணக்கை மறுக்க அவர்களும் முப்பது நாள் கணக்கை எடுத்து வைக்க வேண்டியிருக்கும், அதுவே பாதி வேலை.

கூடவே, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நகல் கேட்பதற்கு மட்டுமன்றி, பதிவேட்டை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் உரிமை தருகிறது. விண்ணப்பித்துவிட்டு நோட்டோடு போய், உங்கள் நான்கு புகார்களும் எந்தத் தேதியில், யாருடைய ஒப்பத்தின் பேரில் தீர்ந்தன என்று பாருங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் நமக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தே அங்கே இருந்தால் உடனே எழுதுங்கள்.