எரிவாயு விலை ஏறியும் என் பணம் ஏறவில்லை, வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ஆண்டுக் கட்டணம் வாங்கும் ஓர் ஆலோசகர் சொன்னதால், 2023 அக்டோபரில் வங்கி வழியாக டாலர் அனுப்பி, அமெரிக்காவின் யுஎன்ஜி என்ற இயற்கை எரிவாயு இடிஎஃபில் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) 400 யூனிட் வாங்கினேன். ‘தங்கம் மாதிரி வருஷக்கணக்கில் வைத்திருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். 2024 ஜனவரியில் அது 100 யூனிட் ஆகிவிட்டது. பிறகு எரிவாயு விலை ஏறியும் என் கணக்கு நஷ்டத்திலேயே நிற்கிறது. போன வருஷம்கூட ‘விற்காதீர்கள்’ என்றார். ஃபண்ட் மீது வழக்குப் போடலாமா?

பதில்: ஃபண்ட் மீது வழக்கு நிற்காது. 300 யூனிட்டை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு யூனிட்டை ஒன்றாக இணைத்தார்கள்; ஒரு யூனிட்டின் விலையும் நான்கு மடங்கானது. 2011, 2012, 2018 ஆகிய ஆண்டுகளிலும் இதே ஃபண்டில் இப்படி நடந்திருக்கிறது.

நஷ்டத்துக்குக் காரணம் வேறு. இந்த ஃபண்ட் எரிவாயுவை வாங்கிக் கிடங்கில் வைப்பதில்லை. நியூயார்க் சந்தையில் ஹென்றி ஹப் (அமெரிக்க எரிவாயு விலைக்கு அளவுகோலான இடம்) ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களை, அதாவது பின்னொரு மாதத்தில் தரப்படும் எரிவாயுவுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை, வைத்திருக்கிறது. மாதந்தோறும் முடியப்போகும் ஒப்பந்தத்தை விற்று அடுத்த மாதத்தினுடையதை வாங்க வேண்டும். அடுத்த மாத விலை கூடுதலாக இருந்தால், அதே பணத்துக்குக் குறைந்த எரிவாயுதான் கிடைக்கும். இப்படியே பல மாதம் தேய்ந்தால், சந்தை விலை மீண்டாலும் யூனிட்டின் மதிப்பு மீளாது. ஃபண்டின் விளக்க ஆவணத்தில் இந்த அபாயம் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் ‘மறைத்தார்கள்’ என்று வாதாட முடியாது.

உங்களுக்கு வழக்கு இருப்பது ஆலோசகர் மீதுதான். குறுகிய காலத்துக்கான ஒரு கருவியைத் தங்கத்தோடு ஒப்பிட்டு, கட்டணமும் வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் வைத்திருக்கச் சொன்னது சேவைக் குறைபாடு என்பது என் உறுதியான கருத்து. முதலில் அவருடைய செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு இல்லாமல் இந்தியப் பங்குகளுக்கும் ஆலோசனை விற்றிருந்தால் செபியிடம் புகார் கொடுங்கள். வெளிநாட்டு ஃபண்டைப் பற்றி மட்டுமான புகாரைத் தன் வரம்புக்குள் வராது என்று செபி ஒதுக்கிவிடக்கூடும். ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே நான் நம்புவேன். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. 2023 கொள்முதலைக் காட்டிக் காலம் கடந்துவிட்டது என்பார்கள். ‘விற்காதீர்கள்’ என்ற செய்தியை வைத்து வாதாடுங்கள். நீங்கள் லாபத்துக்காக வணிகம் செய்தவர், நுகர்வோரே அல்ல என்பதும் எதிர்த்தரப்பு வாதமாக வரும். சேமிப்பை முதலீடு செய்த தனிநபர் என்று காட்ட வங்கிக் கணக்கு விவரங்களை எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்க்ரீன்ஷாட்டோடு நிறுத்தாமல், போனையும் மாற்றாமல் வையுங்கள். மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்.

நோட்டீஸ் அனுப்பும் முன் உங்கள் வருமான வரி ரிட்டர்னைப் பாருங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. வெளிநாட்டு யூனிட் வைத்திருப்பவர் லாபம் இல்லாவிட்டாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியான ஷெட்யூல் எஃப்ஏ-யில் காட்ட வேண்டும், ஐடிஆர்-1 என்ற எளிய படிவம் போதாது. காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வீடு, மனை நீங்கலான வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் போகாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் இல்லை. ஆனால் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது. விடுபட்ட ஆண்டுகளை ஆடிட்டரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். யூனிட்டை விற்றால்தான் நஷ்டம் கணக்கில் வரும். அதை எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்ல, அந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

இழந்ததைப் பிடிக்க, அடுத்து நேரடியாக ஃபியூச்சர்ஸில் இறங்கலாம் என்று அவரோ வேறு யாரோ சொன்னால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுச் சந்தையில் மார்ஜின் (ஃபியூச்சர்ஸுக்குக் கட்டும் பிணைத்தொகை) கட்ட, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப உதவும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் பணம் அனுப்பக் கூடாது.

ஆலோசகரோடு போட்ட ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று இருந்தாலும் தயங்க வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது.