பொறியியல் கல்லூரியில் 60 பேர் சேர்ந்து 38 பேர்தான் பட்டம் வாங்கினார்கள் என்றால், மீதிப் பேர் படிப்பை விட்டுவிட்டார்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்துக்குள் முடித்தார்கள் என்பதே பட்டம் பெறும் விகிதம். பி.இ. 4 ஆண்டுப் படிப்பு. ஆனால் அண்ணா பல்கலைக்கழக விதிப்படி, அரியர் எழுதி முடிக்க மொத்தம் 7 ஆண்டு வரை அவகாசம் உண்டு.

ராமேஸ்வரத்தில் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன விசைப்படகுகளை விடியற்காலையில் எண்ணிப் பாருங்கள். பாதிகூடக் கரையில் இருக்காது. மற்றவை மூழ்கிவிடவில்லை, வலையை இழுத்துவிட்டு மெதுவாக வருகின்றன. ஒன்றிரண்டு மண்டபம் பக்கம் ஒதுங்கியிருக்கும், வேறு கல்லூரிக்கு மாறிப்போன பிள்ளைகள் மாதிரி.

அப்புறம், டிப்ளமோ முடித்து நேரடியாக 2ஆம் ஆண்டில் சேர்பவர்களைத் தனியாகத்தான் எண்ண வேண்டும்.

செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தையும் பட்டம் பெறும் விகிதத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு, இடையில் நின்றவர் அதில் வரவே மாட்டார்.