ஃபோல்டரை மறைக்கும் சாஃப்ட்வேரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

"வீட்டில் எல்லோருக்கும் ஒரே லேப்டாப். ஃபோல்டரை மறைக்கும் சாஃப்ட்வேர் போட்டால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. தம்பி தங்கை கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குத் தாராளமாகப் போதும். லேப்டாப் திருட்டுப் போனாலோ ரிப்பேருக்குப் போனாலோ போதாது. நான் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மறைத்து வைத்ததெல்லாம் ஒருநாள் எங்கள் மேஜைக்குத்தான் வரும்.

போன வருஷம் ஒரு டீச்சரம்மா வந்தார். விண்டோஸ் ஏறவில்லை, லோகோ வரும், கொஞ்ச நேரம் சுற்றும், மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். "ஃபார்மட் பண்ணிடுங்க சார், ஆனா டி டிரைவ்ல இருக்கிறது மட்டும் வேணும்" என்றார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிளில் மாட்டி, கடையில் உள்ள லினக்ஸ் மிஷினில் (விண்டோஸ் இல்லாமல் வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் கம்ப்யூட்டர்) செருகினேன். கொஸ்டின் பேப்பர், மார்க் லிஸ்ட் என்று ஃபோல்டர்கள் வந்தன. அவற்றோடு இன்னொன்றும் வந்தது. பெயரைப் பார்த்தாலே கோர்ட் விவகாரம் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் நின்ற அந்த அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

"சார், அதுக்கு பாஸ்வேர்ட் போட்டிருக்கேனே! எப்படித் தெரியுது?"

"நான் எதையும் உடைக்கல மேடம். அந்த சாஃப்ட்வேர் இப்ப ஓடவே இல்ல."

விஷயம் இதுதான். இந்த ரக சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்குள் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. விண்டோஸ் ஓடினால்தான் அவருக்கு டியூட்டி. சிலது ஃபோல்டருக்கு 'ஹிடன்', 'சிஸ்டம்' என்று முத்திரை குத்துவதோடு சரி. சிலது விண்டோஸுக்குள் 'டிரைவர்' என்ற குட்டி ப்ரோகிராமைப் போட்டு எக்ஸ்ப்ளோரர் கண்ணில் படாமல் தடுக்கும். இரண்டிலும் ஃபைல் அப்படியே டிஸ்கில் கிடக்கும், ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. டிஸ்கைக் கழற்றக்கூட வேண்டாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்தாலே போதும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகாதவரை (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உள்ளே இருப்பதையே மாற்றி வைப்பதுதான் என்கிரிப்ட்) விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டுக்கும் இதே கதைதான்.

எல்லா சாஃப்ட்வேரையும் சேர்த்துச் சொல்கிறான் என்று சண்டைக்கு வர வேண்டாம். நிஜமாகவே என்கிரிப்ட் செய்பவையும் உண்டு. ஆனால் 'ஹைட்', 'லாக்', 'என்கிரிப்ட்' மூன்றும் வேறு வேறு பட்டன். முதல் இரண்டோடு நிறுத்திவிட்டு என்கிரிப்ட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். "நீ ஏன்யா அடுத்தவர் ஃபோல்டரைப் பார்த்தாய்" என்பவர்களுக்கு: காப்பி பண்ணச் சொன்னால் பெயர் கண்ணில் படத்தான் செய்யும். நான் திறக்கவில்லை. அந்த அம்மாவையே உட்காரவைத்து, அவர் கையாலேயே பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் தொழிலில் எவனோ நாலு பேர் செய்ததற்கு எல்லோரும் கேட்க வேண்டியிருக்கிறது.

அவருக்குப் போட்டுக் கொடுத்தது வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர். இலவசம். பெரிய ஃபைல் ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்ட் கொடுத்தால் தனி டிரைவ் மாதிரித் திறக்கும். வேலை முடிந்ததும் டிஸ்மவுன்ட் செய்ய வேண்டும், அதாவது அந்த டிரைவை மூடிவிட வேண்டும். மறந்து எழுந்து போனால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாஸ்வேர்டை மறந்துவிட்டால் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள், யாராலும் முடியாது. ஏற்கெனவே மறைத்து வைத்திருந்த படங்களின் குட்டிப் படங்கள் விண்டோஸின் தம்ப்நெயில் கேஷில் தங்கியிருக்கலாம், டிஸ்க் கிளீனப்பில் அதையும் அழித்துவிடுங்கள். விண்டோஸ் ப்ரோ என்றால் விண்டோஸின் சொந்த என்கிரிப்ஷனான பிட்லாக்கர் இருக்கிறது, முழு டிஸ்குக்கும் அதுவே போதும். ஆனால் ஒரே லாகினை எல்லோரும் பயன்படுத்தும் வீட்டில், தம்பிக்கு எதிராக அது ஒன்றும் செய்யாது.

பிட்லாக்கர் என்றதும் என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். புது லேப்டாப்கள் பலவற்றில், ஹோம் எடிஷன் என்றாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்ததும் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. மதர்போர்டு மாற்றினால், டிஸ்கைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ (மாற்றுச் சாவி) கேட்கும். கீ அந்த அக்கவுன்டில்தான் இருக்கும்.

"எந்த மெயில் ஐடி சார் போட்டீங்க?"

"அது தெரியாது. வாங்கின கடையில அவங்களே ஏதோ போட்டுக் குடுத்தாங்க."

வாங்கிய கடையில் போய்க் கேளுங்கள் என்றால் கோபம் வருகிறது. "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு, நீங்க கை வெச்ச அப்புறம்தான் இப்படி" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டு, செக்கிங் சார்ஜ் 300 ரூபாயிலும் பேரம் பேசுகிறார்கள்.