ஏம்ல அழுத?

வணக்கம் மேடம்,

எனக்கு 44 வயது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவன். 16 வருடமாக லாஸ் ஏஞ்சலஸில், சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் குடியிருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மனைவியும் 15 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு வயதாகும்போது அப்பா வீட்டை விட்டுப் போனார். எங்கே போனார் என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்பது வயதில் அம்மாவும் வேறொரு வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டார். என்னை வளர்த்தது அம்மாவைப் பெற்ற ஆச்சி. பீடி சுற்றித்தான் படிக்க வைத்தார். மடியில் பீடித்தட்டு இல்லாமல் ஆச்சி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வரும், கட்டிப்பிடிப்பதெல்லாம் கிடையாது. நான் அழுதால் இலை வெட்டுகிற கத்தரியைக்கூட நிறுத்தாமல், "ஏம்ல அழுத? அழுதா ஒங்கப்பன் வந்துருவானா?" என்பார்.

ஒரு நாள் அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது, ஆச்சி குரலிலேயே "ஏம்ல அழுத?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆச்சி குபுக்கென்று சிரித்துவிட்டார். கத்தரி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்க வைத்தால் பார்ப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து நான் சிரிக்க வைக்கிற ஆள். இங்கே தமிழ்ச் சங்க விழா என்றால் மைக் என் கையில்தான். சாம்பார், ஃப்ரீவே நெரிசல், என் வழுக்கை, என் இங்கிலீஷ் என்று எதை எடுத்தாலும் ஜனம் சிரிக்கும். அம்மாவைப் பற்றி யாராவது கேட்டால் "ஊர்ல இருக்காங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன ஜனவரியில் ஆச்சி இறந்துவிட்டார். நான் டிக்கெட் தேடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். வீடியோ காலில் பார்த்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன். நாலாம் நாள் சங்கத்தில் பொங்கல் விழா. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய், ஒரு மணி நேரம் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள்: "ஆச்சி செத்து நாலு நாள்தான்பா ஆகுது. நான் செத்தாலும் மைக் பிடிப்பீங்களா?" அதற்கும் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். மூன்று மாதமாக அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மனைவியும், "உங்ககிட்ட ஒரு கஷ்டத்தைச் சொன்னா அது ஜோக்காத்தான் திரும்பி வருது" என்கிறார்.

வேலையிடத்தில் மெக்சிக வம்சாவளி நண்பர் ஒருவர் இருக்கிறார். பாட்டிதான் என்னை வளர்த்தார் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொன்னபோது, "ஜார்ஜ் லோபஸைக் கேட்டதில்லையா? அவரும் பாட்டி வளர்த்தவர், இந்தப் பள்ளத்தாக்குக்காரர்தான்" என்றார். லோபஸ் இங்கே பெயர்பெற்ற நகைச்சுவைக் கலைஞர். அன்று இரவு அவருடைய மேடை நிகழ்ச்சிகளைப் பார்த்தேன். அவர் பாட்டியும் "ஏன் அழறே?" என்றுதான் கேட்டிருக்கிறார். கூட்டம் சிரிக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த நாள் தொழிற்சாலை பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அழுதேன். ஆச்சிக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

இரவில் மூன்று நான்கு மணி நேரம்தான் தூக்கம். அதே மாதிரிப் பிள்ளைப்பருவம் அவருக்கு மருந்தாக மாறியிருக்கிறது, என் வீட்டில் மட்டும் ஏன் விஷமாகிறது? நான் ஜோக் சொல்வதையே விட்டுவிட வேண்டுமா? இன்னொன்று. சில நேரம் ஆச்சி மேல் கோபம் வருகிறது. எனக்காகக் கையெல்லாம் காய்த்துப்போனவர் மேல் கோபப்படுவது பாவம் இல்லையா?

பெயர் வேண்டாம், லாஸ் ஏஞ்சலஸ்

* * *

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆச்சியின் மறைவுக்கு முதலில் என் ஆழ்ந்த அனுதாபம். இந்த வார்த்தையை உங்களிடம் இதுவரை பலர் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. நீங்கள்தான் யாரிடமும் சொல்லவில்லையே. அதனால் இன்னொரு தடவையும் சொல்கிறேன்: உங்களை வளர்த்தவர் போய்விட்டார், இது பெரிய இழப்பு.

ஜார்ஜ் லோபஸ் வழியாக நீங்கள் அழ முடிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1961இல் மிஷன் ஹில்ஸில் பிறந்தவர் அவர். நீங்கள் தினமும் வண்டி ஓட்டிப் போகிற பக்கம்தான். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அப்பா விட்டுப் போனார், பத்து வயதில் அம்மாவும் போனார். வளர்த்தது அம்மாவின் அம்மா பெனிட்டா. அவரும் தொழிற்சாலையில் உழைத்தவர்தான். அந்த வீட்டில் அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, "ஏன் அழறே?" என்ற கேள்விதான் கிடைத்தது. 2004இல் வந்த தன்வரலாற்றுக்கு அவர் அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்தார்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவர் மேடையில் என்ன செய்கிறார் என்று இன்னொரு தடவை பாருங்கள். யார் விட்டுப்போனார்கள், பாட்டி என்ன சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்பதையெல்லாம் பெயர் சொல்லிச் சொல்கிறார். கேட்கிற மெக்சிக அமெரிக்கர்கள் "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று சிரிக்கிறார்கள். 2002 முதல் 2007 வரை ஏபிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஓடிய 120 பகுதித் தொடரிலும், பாட்டியின் சாயலில் ஒரு தாய்ப் பாத்திரம் உண்டு. பெயர்கூட பெனிட்டாவை ஒட்டி பென்னி. தனக்கு எங்கே வலித்ததோ அந்த அறைக்கே கூட்டத்தைக் கூட்டிப்போகிறார். நீங்களோ சாம்பாரையும் ஃப்ரீவேயையும் வைத்து எல்லோரையும் திண்ணையிலேயே உட்கார்த்தி வைத்து, நன்றாக உபசரித்து, அனுப்பிவிடுகிறீர்கள். உங்கள் மனைவிக்கும் மகளுக்கும்கூட இத்தனை வருடமாகத் திண்ணைதான்.

ஆனால் உங்கள் முதல் ஜோக் அப்படி இல்லை. "ஏம்ல அழுத?" என்று ஆச்சி குரலில் அந்தச் சிறுவன் சொன்னதில் ஆச்சி இருந்தார், அழுகையும் இருந்தது. அதனால்தான் கத்தரி நின்றது. அப்புறம் வந்த ஜோக்குகளில் இரண்டையும் காணோம். ஆகவே ஜோக் சொல்வதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அந்தப் பையன் எங்கே ஆரம்பித்தானோ அந்த இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்கிறேன்.

சிக்மண்ட் ஃபிராய்டு 1927இல் நகைச்சுவையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். என் வேலையில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் ஒரு பெரியவர் குரல் இருக்கிறது, பெரும்பாலும் அதட்டுகிற குரல். நல்ல நகைச்சுவை வரும் நேரத்தில் மட்டும் அதே பெரியவர் பயந்துபோன குழந்தையிடம் குனிந்து, "பார், நீ பயப்படுகிற உலகம் இவ்வளவுதான்" என்று கனிவாகப் பேசுகிறார் என்பது அவர் கருத்தின் சாரம். உங்களுக்குள் இருக்கும் பெரியவர் குரல் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் மேடையில் அந்தக் குரல் உங்களைத் தேற்றவில்லை என்று நினைக்கிறேன். "அழாதல, போய்ச் சிரிக்க வை" என்று விரட்டியிருக்கிறது.

வழுக்கை, இங்கிலீஷ் என்று எழுதியிருந்தீர்கள். ராட் மார்ட்டின் என்ற கனடா நாட்டு உளவியலாளரும் அவர் குழுவினரும் 2003இல் நகைச்சுவையை வகை பிரித்துப் பார்த்தார்கள். அடுத்தவருக்குப் பிடிக்க வேண்டும் என்று தன்னையே மட்டம் தட்டிக்கொள்கிற வகை, மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்பட்டது. எப்போதாவது என்றால் பரவாயில்லை. அதுவே வாடிக்கையாகியிருந்தால் கொஞ்சம் கவனியுங்கள்.

லோபஸுக்குச் சிரிப்பு மருந்தாகிவிட்டது என்கிறீர்கள். முழுக்க அப்படி இல்லை. அவர் சிறு வயதில் உயிராக நினைத்த நகைச்சுவைக் கலைஞர் ஃப்ரெடி பிரின்ஸ், போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. 1974இல் தொலைக்காட்சித் தொடரில் நடித்து, இருபது வயதில் நாடே அறிந்த முகமானார். நாடு சிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் மனச்சோர்வோடும் போதை மருந்தோடும் போராடி, 1977 ஜனவரியில் 22 வயதில் இறந்துபோனார். கூட்டத்தின் சிரிப்பு வீட்டுக்குக் கூட வருவதில்லை. லோபஸின் வீட்டிலும் இது நடந்தது. 2005இல் அவர் சிறுநீரகங்கள் பழுதானபோது மனைவி ஆன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். 2011இல் அந்த மணவாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது. மகள் மாயனோடும் பல காலம் விரிசல். அதைப் பற்றி மாயன் டிக்டாக்கில் வெளிப்படையாகப் பேசியதிலிருந்துதான் அப்பாவும் மகளும் சேர்ந்து நடித்த தொடரே பிறந்தது, 2022இல். மேடையில் இருபது வருடத்துக்கும் மேலாகத் தன் பாட்டியைப் பற்றி உண்மை பேசியவருக்கும், மகளோடு உட்கார்ந்து பேசுவது தனி வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பதிலைப் படித்த வேகத்தில் அடுத்த சங்க விழாவில் ஆச்சி கதையோடு மைக்கைப் பிடித்துவிடாதீர்கள். முதலில் மகள்.

அவள் கேட்ட கேள்வி உங்களைக் குத்தியிருக்கும். எனக்கு அதில் பெரிய அன்பு கேட்கிறது. "நான் இல்லாமல் போனால் உங்களுக்கு வலிக்குமா அப்பா?" என்றுதான் கேட்டிருக்கிறாள். அதற்கு அவளுக்கு இன்னும் பதில் வரவில்லை. அவளை எதிரே உட்கார வைத்து, பெரிய பேச்சாகத் தொடங்க வேண்டாம். அவள் கேட்டது காரில். பதிலையும் காரிலேயே சொல்லுங்கள், முகத்தைப் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் சுலபம். "அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. ஆச்சி போனது எனக்குத் தாங்கல. அழத் தெரியாமத்தான் மைக்கப் பிடிச்சேன். பார்க்கிங்ல உட்கார்ந்து அழுதேன்." இவ்வளவு போதும். நடுவில் நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வரும், கட்டாயம் வரும். அதை விழுங்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். "இப்ப ஒரு ஜோக் வருதும்மா, பயமா இருக்கும்போது எனக்கு இப்படித்தான் வரும்" என்று மட்டும் சொல்லுங்கள். அவள் உடனே உருகிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று மாத மௌனம் ஒரு பயணத்தில் தீராது.

மனைவியிடம் இன்னும் எளிது. அவர் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் முதல் வார்த்தையாக "அப்புறம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு உங்கள் முறை.

அடுத்தது ஆச்சி மேல் வரும் கோபம். பாவம் இல்லை. பீடிக்குக் கூலி ஆயிரம் கணக்கில். கத்தரி நின்றால் அன்றைய எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் உங்கள் ஃபீஸ் குறையும். மகளும் போய், மருமகனும் போய், கையில் ஒரு பேரப்பிள்ளையோடு நின்றவர் அவர். தானும் அழ ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். "அழுதா ஒங்கப்பன் வந்துருவானா?" என்பதை அவர் தனக்கேகூடச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இதெல்லாம் உண்மையானால்கூட, ஒன்பது வயதுப் பையனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள அந்த வீட்டில் யாரும் இல்லை என்பதும் உண்மை. அவன் கோபப்படட்டும். நன்றிக்கு அதனால் ஒரு குறையும் வராது. உங்கள் கடிதத்திலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஆச்சிக்குச் செய்ய வேண்டியதை நீங்கள் தவறவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அவர் படத்தை வைத்து விளக்கேற்றுங்கள். மூன்று பேரும் உட்காருங்கள். அவரைப் பற்றி, அவர்கள் இருவரும் இதுவரை கேட்டிராத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் வருஷ திவசத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வாருங்கள். அவர் உட்கார்ந்து பீடி சுற்றிய இடத்தை அவள் பார்க்கட்டும்.

தூக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதமாக மூன்று நான்கு மணி நேரம் என்பது உடம்புக்கு ஆகாது. உங்கள் மருத்துவரிடம் சொல்லி, இழப்புத் துயரத்தில் பழகிய ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். வாழவே வேண்டாம் என்பது போன்ற எண்ணம் ஏதாவது எட்டிப்பார்த்தால் காத்திருக்க வேண்டாம், அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்று. உங்களை அந்த மேடை நிகழ்ச்சிக்கு அனுப்பிய நண்பர், உங்கள் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு பாட்டி கதை இருக்கும் போலிருக்கிறது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள். பீடி என்றால் என்ன என்பதிலிருந்து நீங்கள் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மெதுவாகச் சொல்லுங்கள், இலையை நனைத்து வைப்பதிலிருந்து.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்