'ஊமை டெய்லர்' என்று கூப்பிடலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் காது கேளாத தையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அவர் 'ஊமை டெய்லர்'. அப்படிச் சொன்னால் என் மகள் சண்டைக்கு வருகிறாள். 'மாற்றுத்திறனாளி' என்று சொல்ல வேண்டுமாம். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் இப்படித்தான் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. பெயரை மாற்றினால் என்ன மாறிவிடப் போகிறது?
- வாசகர், தென்காசி

பதில்: உங்கள் மகள் சண்டை போடுவது நியாயம்தான். காது கேளாத பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விடுதித் திண்ணையில் கைகள் ஓயாது. மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு பெண்கள் சைகையிலேயே சண்டை பிடிப்பார்கள். நடுவில் நிற்பவள் இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுப்பாள். இவர்களையா பேச்சு இல்லாதவர்கள் என்பது? 'ஊமை' வேண்டவே வேண்டாம்.

'மாற்றுத்திறனாளி' என்பது, 'ஊனமுற்றோர்' என்பதை விட்டுவிட்டு 2010-ல் தமிழக அரசு எடுத்துக்கொண்ட பொதுப்பெயர். பஸ் பாஸ், உதவித்தொகை என்று எல்லோருக்கும் சேர்த்துப் பேசும்போது சரி. தனி ஒருவரைச் சொல்ல 'காது கேளாதவர்' போதும். அதுவும் அவசியப்பட்டால்தான், டெய்லருக்கு ஒரு பெயர் இருக்குமே, அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பே 1991-ல், 'செவிக்குறைபாடு உடையோர்' என்றெல்லாம் மழுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது.

மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் வாஷிங்டன் மேடையில் தம் மக்களை 'நீக்ரோ' என்று மரியாதையாகத்தான் சொன்னார். சில வருடங்களிலேயே இளைஞர்கள் அதை உதறிவிட்டு, வசவாக இருந்த 'கறுப்பர்' என்பதைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டார்கள். மத்திய சட்டங்களில் மிச்சமிருந்த பழைய சொல்லை நீக்க 2016 ஆயிற்று. சம்பந்தப்பட்டவர்கள் முதலில் மாற்றினார்கள், அரசாங்கம் பின்னால் வந்தது.

சரி, என்ன மாறும் என்று கேட்டீர்கள். பெயர் மாறியதுமே எல்லாம் மாறிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். அதே வாஷிங்டனில் காது கேளாதோருக்காக 1864-ல் தொடங்கிய கல்லூரியின் பெயரிலேயே 'செவிட்டூமை' இருந்தது. 1894-ல் அதை எடுத்துவிட்டுக் காலடெட் கல்லூரி என்றாக்கினார்கள். தலைவர் நாற்காலியில் மட்டும் காது கேட்பவர்களே உட்கார்ந்தார்கள். 1988 மார்ச்சில் மறுபடியும் அப்படி ஒருவரை நியமித்ததும் மாணவர்கள் வாசல் கேட்டை மறித்தார்கள். ஒரே வாரத்தில், காது கேளாத முதல் தலைவராக ஐ. கிங் ஜோர்டன் வந்தார்.