கணினி கேள்வி பதில்: நாளும் மாதமும் இடம் மாறினால்

கேள்வி: போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் எடுத்த லாட் விவரம் எங்களுக்கு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) மெயிலில் வருகிறது. அதை எக்செல்லில் திறந்து, ஏலத் தேதியோடு நாட்களைக் கூட்டிப் பணம் கட்டும் கெடுவைக் கணக்கிடுகிறோம். புது லேப்டாப் வாங்கியதிலிருந்து பாதி வரிகளுக்குக் கெடு வருகிறது, மீதிக்குப் பிழை காட்டுகிறது. பிழை வரும் வரிகளை எப்படிச் சரிசெய்வது? — ஏலக்காய் வியாபாரி, கம்பம்

பதில்: பிழை காட்டும் வரிகள் இருக்கட்டும், விடை வந்த வரிகளை முதலில் பாருங்கள். ஆபத்து அங்கேதான்.

உங்கள் புது லேப்டாப்பின் ரீஜன் அமைப்பு அமெரிக்காவில் நிற்கிறது என்பது என் கணிப்பு. அங்கே மாதம் முன்னே, நாள் பின்னே. கோப்பில் 03/04/2025 என்று இருந்தால் ஏப்ரல் 3 என்பதை எக்செல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், ஒரு எச்சரிக்கையும் வராது. 13/04/2025 வந்தால் 13-வது மாதம் கிடையாதே, அதனால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். அதோடு நாளைக் கூட்டப் போனால் பிழை. ஆக, 12-ஆம் தேதி வரைக்கும் பொய்க் கணக்கு, அதற்கு மேல் பிழை.

சோதித்துப் பார்ப்பது எளிது. எக்செல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிய ஒரு எண். சந்தேகமான செல்லின் ஃபார்மட்டை ஜெனரல் ஆக்குங்கள். 2025 ஏப்ரல் 3 என்றால் 45750 வர வேண்டும். 45720 வந்தால் அது மார்ச் 4. எண்ணாக மாறாமல் அப்படியே நின்றால் அது எழுத்து.

மெயிலில் வந்த மூலக் கோப்பு இருந்தால் கெட்டுப்போன தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றுங்கள். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். வெற்றுத் தாளில் டேட்டா மெனு, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா என்று போங்கள். வலப்பக்கப் பட்டியலில் 'சேஞ்ச்டு டைப்' என்ற படி தானாகவே விழுந்திருக்கும், அதை நீக்குங்கள். நீக்காவிட்டால் தப்பாகப் படித்த தேதியின் மேலேயே வேலை செய்வீர்கள். பிறகு தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக், சேஞ்ச் டைப், யூசிங் லொக்கேல் (எந்த நாட்டு வழக்கப்படி படிப்பது என்ற அமைப்பு), அதில் டேட், இங்கிலீஷ் (இந்தியா).

மூலக் கோப்பு தொலைந்திருந்தால் பக்கத்து நெடுவரிசையில் டேட் ஃபார்முலா போட வேண்டியதுதான். எண்ணாக மாறிய வரிகளுக்கு வருட இடத்தில் இயர், மாத இடத்தில் டே, நாள் இடத்தில் மன்த். வேண்டுமென்றே மாற்றிக் கொடுக்கிறோம். எழுத்தாக நிற்பவற்றுக்கு வருடத்துக்கு ரைட் 4, மாதத்துக்கு மிட் 4-ஆம் எழுத்திலிருந்து 2, நாளுக்கு லெஃப்ட் 2. எது எந்த வகை என்று பிரிக்க இஃப் உள்ளே இஸ்நம்பர். மொத்த நெடுவரிசையும் ஒரே தடவையில் கெட்டிருந்தால்தான் இது செல்லும். நடுவில் யாராவது கையால் திருத்தியிருந்தால் அந்த வரிகள் மறுபடி தப்பாகிவிடும்.

கோப்பு அனுப்புகிறவர்களிடம் தேதியை 2025-04-03 என்று, வருடம் முதலில் வைத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் சொல்லும் வடிவம் இதுதான். எந்த நாட்டு அமைப்பிலும் எக்செல் இதை மாற்றிப் படிக்காது. ஆனால் திறந்ததும் உங்கள் லேப்டாப் வழக்கப்படி காட்டும், சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிகிறபடியே எழுதிவிடும். சேமிக்குமுன் கன்ட்ரோல் 1, கஸ்டம். அங்கே ஒய் நான்கு, ஹைஃபன், எம் இரண்டு, ஹைஃபன், டி இரண்டு. கூகுள் ஷீட்ஸில் வேலை செய்தால் லொக்கேலை ஒவ்வொரு கோப்பின் செட்டிங்ஸிலும் பார்க்க வேண்டும்.

கேள்வி: லாரி ஜிபிஎஸ் அறிக்கையில் 2025-04-03T19:45:00Z போல நேரம் வருகிறது (அந்த ஆங்கில எழுத்துகளோடே). எக்செல் இதைத் தேதியாக ஏற்கவில்லை. — லாரி புக்கிங் அலுவலகம், புளியரை

பதில்: நடுவில் உள்ள டி தேதியையும் நேரத்தையும் பிரிக்கிறது, கடைசி இசட் அது உலகப் பொது நேரம் என்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. முதல் 10 எழுத்துக்கு டேட்வேல்யூ, 12-வது எழுத்திலிருந்து 8 எழுத்துக்கு டைம்வேல்யூ, இரண்டையும் கூட்டி டைம்(5,30,0) சேருங்கள். விடை ஏப்ரல் 4, அதிகாலை 1:15. தேதியே மாறுகிறது பாருங்கள். 5:30-ஐ விட்டால் நள்ளிரவுக்குப் பின் காலை 5:30-க்குள் செக்போஸ்ட் தாண்டிய வண்டியெல்லாம் முந்தின நாள் கணக்கில் ஏறும். இசட்டுக்குப் பதில் +05:30 என்று முடிந்தால் எதையும் கூட்டாதீர்கள், அது நம் நேரமேதான்.

கேள்வி: பில் கோப்புகளுக்குத் தேதியைப் பெயராக வைத்தால் வரிசை குலைகிறது. — கூடலூர் வாசகி

பதில்: வருடம், மாதம், நாள் என்று வையுங்கள், ஒற்றை எண்ணுக்கு முன் பூஜ்ஜியம் கட்டாயம். சாய்கோட்டை (/) விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது, ஹைஃபன் போதும்.

கேள்வி: தாத்தா காலத்துத் திருவிதாங்கூர்ப் பத்திரங்களைப் பட்டியல் போடுகிறேன். தேதியெல்லாம் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு). — செங்கோட்டை வாசகர்

பதில்: செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் உங்கள் ஊரில் இது பல வீட்டுச் சிக்கல். எக்செல்லுக்குக் கொல்லம் ஆண்டு தெரியாது. பத்திரத்தில் உள்ளதை ஒரு நெடுவரிசையில் அப்படியே எழுத்தாக வையுங்கள், பக்கத்தில் ஆங்கிலத் தேதி. ஆண்டு ஆவணியில் பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் முடிய 824-உம், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-உம் கூட்ட வேண்டும். 1090 ஆவணி என்றால் 1914. அதே 1090-இன் மாசி 1915. மார்கழி மட்டும் டிசம்பர், ஜனவரி இரண்டிலும் கால் வைப்பதால் நாளையும் பார்த்துக் கூட்டுங்கள்.

1075 மார்கழி நடுவுக்கு முந்தைய பத்திரங்கள் 1900-க்கு முன்னால் போய்விடும். எக்செல் அவற்றைத் தேதியாக ஏற்காது. அதனால் ஆங்கிலத் தேதி நெடுவரிசை முழுவதையும் முதலிலேயே டெக்ஸ்ட் ஃபார்மட் ஆக்கிவிட்டு 1893-02-17 என்ற வடிவில் தட்டுங்கள். எழுத்தாக இருந்தாலும் வரிசைப்படுத்தினால் கால வரிசையிலேயே நிற்கும். இரண்டு பத்திரங்களுக்கு இடையே எத்தனை நாள் என்று கழித்துப் பார்க்க வேண்டுமானால் லிப்ரேஆஃபீஸ் கால்க்கில் போடுங்கள். 1900-க்கு முந்தைய தேதியையும் அது தேதியாகவே எடுத்துக்கொள்ளும்.